மணல் இருக்கும் பக்கம்

புதுச்சேரியில் எந்தக் கடற்கரை நல்ல கடற்கரை என்று சாமிகளைக் கேட்டால் வைத்திக்குப்பம் என்றுதான் சொல்லும். மாசி மகத்தன்று மயிலத்து முருகன், தீவனூர் பொய்யாமொழி விநாயகர், மேல்மலையனூர் அங்காளம்மன், திண்டிவனத்துச் சீனிவாசப் பெருமாள், செஞ்சி அரங்கநாதர் என்று விழுப்புரம் சீமையின் சாமிகள் பலவும் வழிநெடுக மண்டகப்படி வாங்கிக்கொண்டு வந்து இறங்கும் இடம் இந்தக் குப்பம். நகரத்துக் கோயில்களின் சாமிகளும் சேர்ந்துகொள்ளும். கரையில் வரிசையாக நின்று தீர்த்தவாரி முடித்துத் திரும்பும். செஞ்சிப் பக்கத்திலிருந்து சாமி மட்டும் வருவதில்லை, ஆறும் வருகிறது. அந்த மலைகளில் பிறக்கும் சங்கராபரணி, கீழே வந்து அரியாங்குப்பத்து ஆறாகவும் சுண்ணாம்பாறாகவும் பிரிந்து, வைத்திக்குப்பத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளிக் கடலில் விழுகிறது. அந்த ஆற்று வாயில் என்ன நடந்தது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

சாமிகளின் இந்தத் தேர்வைச் சுற்றுலாக்காரர்கள் ஏற்பதில்லை. அவர்களுடைய பட்டியலில் பாரடைஸ் இருக்கிறது, ஈடன் இருக்கிறது, செரினிட்டி இருக்கிறது. நோணாங்குப்பம், சின்ன வீராம்பட்டினம், தந்திராயன்குப்பம் என்கிற ஊர்கள் அந்தப் பெயர்ப் பலகைகளுக்குப் பின்னால் எங்கோ ஒளிந்துகொண்டன. வைத்திக்குப்பத்துக்கு அப்படிப் புதுப் பெயர் எதுவும் வாய்க்கவில்லை. விற்க வேண்டுமானால் முதலில் மணல் இருக்க வேண்டும். இங்கே கண்ணில் படுவது கருங்கல். ஆளுயரக் கற்களைக் கொட்டி அரணாக்கி வைத்திருக்கிறார்கள். மேலே ஏறி நின்றால் கடல் தெரியும், கால் நனைக்கக் கல் இடுக்கில் வழி தேட வேண்டும்.

பாரிஸ் புறநகரில் இருக்கிற சித்தப்பா மகன் சென்ற ஆண்டுக் கடைசியில் ஒரு செய்தி அனுப்பினான். “அண்ணே, பிப்ரவரி லீவுல மர்த்தினீக் இல்லன்னா குவாதலூப் போலாம்னு இருக்கோம். பத்து நாள். எந்த பீச் நல்லா இருக்கும்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.” எங்கள் ஊரில் சொல்தா குடும்பங்கள் என்றால் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள், 1962இல் இணைப்பு சட்டப்படி முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். சித்தப்பா அந்த வழி. ஆகவே அவர் மகனுக்குக் கரீபியன் என்பது வெளிநாடே இல்லை. ஓர்லி விமான நிலையத்தில் ஏறினால் எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, இறங்குகிற இடத்திலும் அதே யூரோ, அதே கொடி. விசா கிடையாது. அந்தத் தீவுகளை நான் பார்த்ததில்லை. எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று குடும்பத்துக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது, அதைக் கெடுக்கவும் மனம் வருவதில்லை.

சிறந்த கடற்கரைகள் என்று வருகிற பட்டியல்களைப் படித்துப் பார்த்தேன். கேமனின் செவன் மைல், அருபாவின் ஈகிள், டர்க்ஸ் கைகோசின் கிரேஸ் பே என்று திரும்பத் திரும்ப அதே பெயர்கள். மர்த்தினீக்கில் தெற்குக் கோடியில் சாந்த்-ஆன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் லே சலீன். தகுதி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: மணல் வெள்ளையாக இருக்க வேண்டும், தண்ணீர் நீலமும் பச்சையும் கலந்து கண்ணாடிபோல இருக்க வேண்டும், தென்னை சாய்ந்திருக்க வேண்டும், படத்தில் ஆள் இருக்கக் கூடாது. மீன் வலையோ படகோ இருந்தால் ஒன்று போதும், அதுவும் வண்ணம் அடித்ததாக.

அந்த வெள்ளை மணல் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் விஷயம் சுவையாகிறது. அது ஆறு கொண்டுவந்த மண் அல்ல. பவளப்பாறையும் சிப்பியும் பொடிந்தது. அதில் கணிசமான பங்கு கிளிமீனின் வயிற்றின் வழியாக வந்தது. பாறையில் படர்ந்த பாசியைத் தின்பதற்காகக் கிளிமீன் அலகால் பாறையையே கொறிக்கும், சுண்ணாம்பை அரைத்துப் பின்வழியாக வெளியே விடும். பெரிய கிளிமீன் ஒன்று ஒரு வருடத்தில் அரைத்துத் தள்ளும் மணலைக் கிலோக் கணக்கில் நிறுத்தால் நூறுகளில் வரும். தேனிலவுக்காரர்கள் படுத்துப் படம் எடுத்துக்கொள்வது அதன் மேல்தான். மீன் தொழில் செய்கிறவர்களிடம் இதைச் சொன்னபோது ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. கடலில் எதுவும் வீணாவதில்லை என்பது அவர்களுக்குச் செய்தியே அல்ல.

அதே மர்த்தினீக்கில் வடக்கே போனால் மணல் கறுப்பு. பெலே எரிமலை தந்தது. 1902 மே 8 அன்று அந்த மலை வெடித்துச் சாந்த்-பியேர் என்கிற நகரத்தைச் சில நிமிடங்களில் அழித்தது. செத்தவர்கள் ஏறத்தாழ 28,000 பேர். குவாதலூப்பும் இப்படித்தான், ஒட்டிக்கிடக்கும் இரண்டு தீவுகளில் ஒன்று சுண்ணாம்புப் பாறை, மற்றது எரிமலை. பட்டியல்காரர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புப் பக்கமே தங்கிவிடுகிறார்கள்.

சரி, வைத்திக்குப்பத்தில் கடலுக்குப் போகிறவர் ஒரு கரையை எப்படிப் பார்ப்பார்? நிறத்தைப் பார்க்க மாட்டார். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது, இந்த மாதத்தில் வெள்ளம் தெண்டியா வன்னியா, அதாவது தெற்கிலிருந்து வடக்கே இழுக்கிறதா, வடக்கிலிருந்து தெற்கே இழுக்கிறதா, அலை எங்கே உடைகிறது, இடையில் படகு நுழைய வழி இருக்கிறதா, மேலே இழுத்துப் போட மேடு இருக்கிறதா, அது யாருடைய பஞ்சாயத்து. இவ்வளவும் ஒரு பார்வையில் கேட்டு முடித்துவிடுவார். இந்தக் கேள்விகளையே எடுத்து அந்தத் தீவுகளின் மேல் வைத்துப் பார்த்தேன். எந்தப் பட்டியலையும்விட நன்றாக வேலை செய்தன.

காற்று முதலில். அந்தத் தீவுகளில் வருடம் முழுக்கக் கிழக்குக் காற்றுதான். ஆகவே கிழக்குப் பக்கம், அட்லாண்டிக் பக்கம், கொந்தளிப்பு. மேற்கே கரீபியன் பக்கம் தீவின் முதுகு காற்றை மறைத்துக்கொள்வதால் கடல் படுத்துக் கிடக்கும். நீந்தத் தெரியாத பிள்ளைகளோடு போகிறவனுக்கு வேறு யோசனையே தேவையில்லை. அடுத்தது காலம். ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே சூறாவளிப் பருவம். டிசம்பர் தொடங்கி மே வரை வறண்ட காலம், பிப்ரவரி நடுவில் நிற்கிறது. நமக்குப் புயல் பெரும்பாலும் அக்டோபருக்குப் பிறகுதான் கண் விழிக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே, 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல், இரண்டும் இந்த ஊரைத் தேடி வந்தவை.

மூன்றாவது, நீரோட்டம் எதைக் கொண்டுவந்து போடுகிறது என்பது. 2011 முதல் அட்லாண்டிக்கின் நடுவே சர்காசம் என்கிற பழுப்புக் கடற்பாசி திட்டுத் திட்டாகப் பெருகி, பெரும்பாலான ஆண்டுகளில் கரீபியன் தீவுகளின் கிழக்குக் கரைகளில் வந்து குவிகிறது. குவிந்தால் அழுகும், அழுகினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம், கண்ணெரிச்சல், தலைவலி, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் செம்புக் குழாய்கூட அரித்துப் போகும். பள்ளிக்கூடம் மூடிய ஊர்கள் உண்டு. வசந்தத்திலும் கோடையிலும் அதன் வேகம் அதிகம். பட்டியலில் இருக்கிற படம் அதற்கு முந்தைய வாரம் எடுத்ததாக இருக்கலாம்.

நான்காவதை எந்தப் படத்திலும் பார்க்க முடியாது. வாழைத் தோட்டத்தில் கூன்வண்டைக் கொல்ல 1972 முதல் 1993 வரை இந்த இரண்டு தீவுகளிலும் குளோர்டெக்கோன் என்கிற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். பிரான்சின் பெருநிலத்தில் 1990இலேயே தடை செய்த பிறகும் இங்கே மூன்று வருடம் சலுகை. அது மண்ணை விட்டுப் போக நூற்றாண்டுகள் ஆகும். மழையோடு ஆற்றில் இறங்கிக் கடலுக்குப் போயிருக்கிறது. சில கரைகளை ஒட்டி மீன் பிடிக்கவே தடை. அங்கே வாழும் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் அதன் சுவடு இருக்கிறது என்று பிரெஞ்சு அரசின் சுகாதார ஆய்வே சொன்னது. சிறந்த கடற்கரை என்று ஒருவர் எழுதும்போது அந்தக் கடலில் மீன் பிடித்துத் தின்கிறவர் நிலைமை என்ன என்று ஒரு வரியாவது இருக்க வேண்டாமா? நட்சத்திரம் கொடுக்கிறவர்களிடம் இதற்குக் கட்டம் கிடையாது.

இப்போது நம் ஆற்று வாய்க்கு வரலாம்.

வங்கக் கடலின் இந்தக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை, நடந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்றின் நீண்ட மாதங்களில் அலை சாய்வாக வந்து மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகிறது. வாடை அடிக்கும் குறுகிய மாதங்களில் கொஞ்சம் திரும்பித் தெற்கே வருகிறது. கூட்டிக் கழித்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போகிறது. நம் கண்ணுக்கு அகலமான ஒரு கடற்கரை தெரிகிறது என்றால் அங்கே மணல் இருக்கிறது என்று பொருளில்லை, தினமும் வந்து தினமும் போகிறது, வரவும் செலவும் சமமாக இருக்கிறது என்றுதான் பொருள்.

1986 முதல் 1989 வரை அரியாங்குப்பத்து ஆற்று வாயில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். வடக்கே நடந்த மணல் தெற்குச் சுவரில் முட்டி நின்றது. தெற்கே கரை அகன்றது, வடக்கே வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. சில ஆண்டுகளில் நகரத்தின் முன்னால் இருந்த மணல் கரைந்துபோனது. காந்தி சிலைக்குக் கீழே பிள்ளைகள் விளையாடிய மணல்வெளியைப் பற்றி இன்றைக்கு ஐம்பது வயதுக்கு மேற்பட்ட புதுச்சேரிக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். இளையவர்களுக்கு அது ‘ராக் பீச்’, கல்லாகவே பிறந்தது. இப்படி நடக்கும் என்று தெரியாமல் கட்டியதாகவும் சொல்ல முடியாது. தெற்கே சேரும் மணலைக் குழாய் வழியாக வடக்கே இறைத்துவிட வேண்டும் என்பது அந்தத் திட்டத்திலேயே இருந்தது. இறைக்கிற வேலைதான் ஒழுங்காக நடக்கவில்லை. கட்டுவதற்கு ஒருமுறை செலவு செய்தால் போதும், திறப்பு விழா உண்டு. இறைப்பதற்கு வருடா வருடம் செலவு, அதற்கு விழா கிடையாது.

நகரத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தில் நகரம் நின்றது. ஆனால் அரிப்பு நிற்கவில்லை, கல் முடிகிற இடத்துக்கு வடக்கே நகர்ந்தது. அடுத்து குருசுக்குப்பம், அடுத்து வைத்திக்குப்பம், அடுத்து சோலை நகர், ஒவ்வொன்றாகக் கல்லுக்குள் போயின. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது நகரம் பெருஞ்சேதமில்லாமல் தப்பியதில் அந்தக் கல்லுக்கும் பங்கு உண்டு. அதை மறுக்கிறவன் நான் இல்லை. காரைக்காலில் நேர்ந்ததைப் பார்த்தவர்கள் கல்லைத் திட்ட யோசிப்பார்கள். ஆனால் கரையோரத்தில் வாழ்கிறவருக்குக் கல் ஒரு வேலிதான், வாசல் அல்ல.

மணல் இருந்த காலத்து வைத்திக்குப்பத்துக்கு அது எத்தனை விதமாகப் பயன்பட்டது என்று யோசித்துப் பார்க்கலாம். கட்டுமரத்தை ஏற்றி வைக்க, பெரிய வலையை இருபுறமும் ஆள் நின்று இழுக்க, இழுத்த மீனைக் கொட்டி ஏலம் விட, விலை போகாத கவளையையும் நெத்திலியையும் கருவாட்டுக்குக் காய வைக்க, வலை பின்ன, கிழிந்ததைப் பொத்த, ராத்திரியில் புழுக்கத்துக்கு ஆண்கள் படுக்க, பஞ்சாயத்துக் கூட, கபடி ஆட. சாவு, கருமாதி, கல்யாணம், சாமி எல்லாமே அங்கேதான். அது ஒரு தொழிற்கூடம், ஒரு முற்றம், ஒரு மன்றம். அதன் மேல் படுத்து வெயில் காய்வது என்பது அந்தப் பட்டியலில் கடைசியாகக்கூட இல்லை. வெயில் காயக் காசு கொடுத்துப் போவார்கள் என்பதை அங்குள்ள கிழவிகள் நம்பவே நெடுநாள் ஆகியிருக்கும். இன்று ஃபைபர் படகும் லாஞ்சும் வைத்திருப்பவர்கள் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போய் அங்கிருந்து தொழில் பார்க்கிறார்கள். ஆற்று முகத்துவாரத்தில் மணல் தூர்ந்தால் படகு தட்டும், கவிழும், தூர் வாரச் சொல்லி அவர்களே போராடுவார்கள். ஆக, கரையைத் தின்ற அதே துறைமுகம்தான் இப்போது சோறும் போடுகிறது. துறைமுகம் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்வதில்லை, மணலையும் கொடு என்றுதான் கேட்கிறார்கள்.

2021இல் சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரைக்கு நீலக்கொடி கிடைத்தது. கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அமைப்பு தரும் சான்று அது. தண்ணீரின் தூய்மை, கழிப்பறை, குப்பைத் தொட்டி, உயிர்காப்பாளர், மாற்றுத்திறனாளிகளுக்கான வழி என்று 33 அளவுகோல்கள். நல்ல அளவுகோல்கள்தான், குறைசொல்ல ஒன்றுமில்லை. கழிப்பறை இல்லாத கடற்கரையில் பெண்கள் படும் பாட்டைப் பார்த்தவர்கள் கேலி செய்ய மாட்டார்கள். என் சங்கடம் வேறு. அந்த 33இல் மணலின் வரவு செலவு பற்றி ஒரு கேள்வி இல்லை. ஒரு கடற்கரையைத் தனியாக அறுத்து எடுத்து மதிப்பெண் போடுகிறார்கள். ஈடன் துறைமுகத்துக்குத் தெற்கே, மணல் வரும் திசையில் இருக்கிறது. வைத்திக்குப்பம் வடக்கே, மணல் வராமல் போன திசையில் இருக்கிறது. நடுவில் ஒரு சுவர். எந்தக் கடற்கரை நல்ல கடற்கரை என்ற தேர்வு 2021இல் நடந்ததல்ல, அந்தச் சுவருக்குக் கல் இறங்கிய நாளிலேயே பாதி முடிந்துவிட்டது.

நகரத்துக்கு முன்னால் மணலைத் திரும்பக் கொண்டுவரவும் முயன்றார்கள். தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில், தலைமைச் செயலகத்துக்கு எதிரே, நீருக்குள் எஃகால் ஆன ஆப்பு வடிவக் கட்டுமானத்தை இறக்கினார்கள். துறைமுகத்தில் வாரிய மணலையும் கொண்டுவந்து கொட்டினார்கள். 2019 வாக்கில் காந்தி சிலைக்கு வடக்கே மணல் தெரிந்தது. ஒரு தலைமுறைக்குப் பிறகு மக்கள் இறங்கிக் கால் நனைத்தார்கள். இதைச் சாதனை என்றே சொல்வேன். ஆனால் மணல் வந்தது கடற்கரைச் சாலைக்கு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு. வைத்திக்குப்பத்தின் கல் கல்லாகவே இருந்தது.

சித்தப்பா மகன் கேட்ட இரண்டு தீவுகளின் பெயரும் இந்த ஊருக்குப் பழையவை. 1848இல் பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். ‘ஒரேலி’ என்கிற கப்பல் 1853 மே மாதம் இந்தியத் தொழிலாளர்களை மர்த்தினீக்கில் இறக்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்புக்கும் ஆள் கொண்டுபோனது. 1880களின் முடிவுக்குள் மர்த்தினீக்குக்கு ஏறத்தாழ 25,000 பேர், குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேர். பின்னாளில் கல்கத்தாவிலிருந்தும் கப்பல் போனது என்றாலும் புதுச்சேரியும் காரைக்காலும்தான் முக்கியமான வாசல்கள். ஐந்து வருட ஒப்பந்தம். மேஸ்திரிகள் ஊர் ஊராகப் போய்ப் பஞ்சத்தில் அடிபட்டவர்களைப் பேசிக் கூட்டி வந்தார்கள். அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். மணலிலிருந்து சலங்கில் ஏற்றி, உடையும் அலையைத் தாண்டிக் கொண்டுபோய் விட வேண்டும். அலையைத் தாண்டத் தெரிந்தவர்கள் இந்தக் கரையின் படகோட்டிகள்தான். பல மாவட்டத்து உழவுக் கூலிகள் கடலை முதன்முதலில் பார்த்த நாளே கடைசியாக மண்ணை மிதித்த நாளாகவும் இருந்திருக்கும். பெரும்பாலோர் திரும்பவில்லை.

அவர்களைக் கொண்டுபோய் இறக்கிய இடங்களை நிலப்படத்தில் தேடினேன். மர்த்தினீக்கின் வடக்கே பாஸ்-புவாந்த். குவாதலூப்பின் கிழக்கே கபெஸ்தேர்-பெல்-ஓ. மழை அதிகம், எரிமலை மண், கரும்புக்கும் வாழைக்கும் ஏற்றது. இரண்டும் அட்லாண்டிக் பக்கம். பாஸ்-புவாந்த்தின் கடல் குளிக்க ஆகாதது, கறுப்பு மணலில் அலை அறைந்து விழும். கபெஸ்தேரில் சர்காசம் வந்து மண்டும், அதன் மேட்டு நிலம் குளோர்டெக்கோன் கனமாக இறங்கிய வாழைக்காடு. மேலே நான்கு கேள்வி வைத்துக் கழித்துக் கட்டினேனே, அப்படிக் கழிந்த கரைகளில்தான் தமிழ்ச் சந்ததியினர் அதிகம் வாழ்கிறார்கள். அங்கே மாரியம்மன் கோயில் இருக்கிறது, மதுரை வீரனுக்குப் பலி இருக்கிறது, நாகூர் ஆண்டவருக்குக் கொடிமரமும் இருக்கிறது. தமிழ் பேச்சிலிருந்து போய்விட்டது, பாட்டிலும் பூசையிலும் துண்டு துண்டாக நிற்கிறது. கபெஸ்தேரில் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர் அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்கும் வேண்டும் என்று 1904இல் தொடங்கிய வழக்கு 1923இல்தான் முடிந்தது. சித்தப்பா மகன் பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டுப் போகிற ஊரில், அதே உரிமைக்கு ஒருவர் பத்தொன்பது வருடம் நீதிமன்றம் ஏறியிருக்கிறார்.

அந்தத் தீவுகளில் எனக்குப் பிடித்த ஒன்று, கரையைப் பற்றிய பழைய பிரெஞ்சுச் சட்டம். 17ஆம் நூற்றாண்டிலிருந்து கடலோரத்தில் ‘ஐம்பது அடிவைப்பு’ அகலத்துக்கு, அதாவது 81.20 மீட்டருக்கு, நிலம் அரசுக்குச் சொந்தம். முதலில் அரசனின் பீரங்கிக்காக ஒதுக்கிய இடம். அடிமை முறை போன பிறகு, தோட்டமும் இல்லாமல் நிலமும் இல்லாமல் நின்ற ஏழைகள் அந்தப் பட்டையில்தான் குடிசை போட்டார்கள். இன்றும் அங்கே கடற்கரை பொதுச் சொத்து, ஓட்டல்காரர் வேலி போட்டு உன்னைத் துரத்த முடியாது. பக்கத்திலேயே ஜமைக்காவில் 1956இன் கடற்கரைச் சட்டம் கரையை அரசின் கையில் வைத்து உரிமம் கொடுக்கச் சொல்கிறது, மக்களுக்குப் பொதுவாகக் குளிக்கும் உரிமை என்று ஒன்றை எழுதவில்லை. நல்ல மணல் உல்லாச விடுதிகளுக்குப் போனது, பிறந்த ஊர்க்காரர் காசு கட்டி உள்ளே போகிறார் அல்லது போவதில்லை. அங்கே அதை எதிர்த்து வழக்கும் போராட்டமும் நடக்கின்றன. நம் நாட்டில் 1991இல் கடலோர ஒழுங்காற்று அறிவிக்கை வந்தது. 2019 ஜனவரியில் வெளியான புதிய அறிவிக்கை, மக்கள் நெருக்கமாக வாழும் ஊரகக் கரைகளில் கட்டடம் கூடாத பட்டையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. கடற்கரையில் தற்காலிகச் சுற்றுலாக் குடில்களுக்கு உயர் அலைக்கோட்டிலிருந்து பத்து மீட்டர் தள்ளி இடம் கொடுத்தது. மீனவர் வலை காய்ந்த இடத்தை அளந்து பார்க்காமலேயே இதையெல்லாம் எழுதிவிடலாம்.

காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்தில் மாசி மகத்துக்கு வரும் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாளை மீனவர்கள் மாப்பிள்ளை என்று அழைத்துத் தூக்குவார்கள். அவர் மணந்த பத்மினி நாச்சியார் அவர்கள் குலத்துப் பெண். கடற்கரை யாருடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான பட்டா நான் பார்த்ததில்லை. பெருமாளே பெண் வீட்டுக்கு வருகிறார். வைத்திக்குப்பத்தில் இத்தனை சாமிகள் வந்து நிற்பதற்கும் அதே உரிமைதான் அடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன், கதை எழுதப்படாமல் இருக்கலாம்.

சித்தப்பா மகனுக்கு நீளமாக எழுதி அனுப்பினேன். பிப்ரவரி நல்ல மாதம். பிள்ளைகளோடு போகிறாய், மேற்குப் பக்கமோ தெற்கே லே சலீனோ போ. போகிற நாளில் சர்காசம் அறிவிப்பு பார்த்துக்கொள். ஆற்றில் பிடித்த மீன் வேண்டாம். ஒரு நாளாவது வடக்கே பாஸ்-புவாந்த் போய்விட்டு வா, குளிக்காதே. அவன் மனைவி திரும்ப எழுதினாள்: “அத்தான், அங்க போய் என்ன பாக்குறது? பீச்சே இல்லன்றீங்க.” நியாயமான கேள்வி. பத்து நாள் விடுப்பு, நான்கு பேர் டிக்கெட், பிள்ளைகளுக்கு மணல் வேண்டும். வைத்திக்குப்பத்துக்கு வருகிற ஒரு சுற்றுலாக்காரரும் இதையேதான் கேட்பார்.

கேட்டுவிட்டு அவர் வடக்கே செரினிட்டிக்குப் போவார். தந்திராயன்குப்பத்தில் கடலுக்குள் நீட்டிய தூண்டில் வளைவுகள் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன, அலைச்சறுக்குப் பழகுகிறார்கள், படம் நன்றாக வரும். சோலை நகரோடு புதுச்சேரி முடிந்து கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு தொடங்குகிறது. பொம்மையார்பாளையம் தாண்டினால் பிள்ளைச்சாவடியில் மறுபடி புதுச்சேரி. மணலுக்கு இந்த எல்லை தெரியாது, கோப்புக்குத் தெரியும். புதுச்சேரி கல் கொட்டினால் அரிப்பு தமிழ்நாட்டுக்கு, தமிழ்நாடு தூண்டில் வளைவு போட்டால் அதற்கு வடக்கே இருக்கிறவருக்கு. பிள்ளைச்சாவடியில் வீடுகள் கடலுக்குள் சரிந்தபோது ஊரே திரண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையை மறித்து உட்கார்ந்தது. அவர்கள் கேட்டது எங்களுக்கும் கல் வேண்டும், தூண்டில் வளைவு வேண்டும் என்பது. கேட்காமல் என்ன செய்வார்கள்? அதிகாரிகள் வருவார்கள், பேசுவார்கள், மதிப்பீடு தயாராகும், ஒருநாள் லாரியில் கல் வரும். அப்போது அதற்கு வடக்கே காலாப்பட்டிலும் கனகசெட்டிக்குளத்திலும் பஞ்சாயத்துக் கூட்டி, மறியலுக்கு நாள் குறிப்பார்கள்.